ரயில் கம்பெனிப் பங்கும் மூன்று சகோதரிகளும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடத்தை இழுப்பேன் என்று நீங்கள் அப்போதே சொல்வீர்கள். இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு சண்டை. பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன், வீடு வாங்க முன்பணமாகச் சேர்த்து வைத்த ஆறு லட்சத்தை, செயற்கை நுண்ணறிவுக்கான சிப் தயாரிக்கும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பங்கில் போடப் போகிறேன் என்று எழுதினான். என் மகள், "தம்பி, அது ஊதிப்போன பலூன். கிட்டப் போகாதே" என்று பதில் போட்டாள். அவன் பதினோரு வீடியோ அனுப்பினான். அவள் ஒன்பது கட்டுரை அனுப்பினாள். ராத்திரி பதினோரு மணிக்கு, "பெரியம்மா, நீங்களே தீர்ப்பு சொல்லுங்க" என்று என்னிடம் வந்து நின்றது. மறுநாள் காலையில் என் பழைய மாணவன் ஒருவனும் தனியாகச் செய்தி அனுப்பினான்: "டீச்சர், அதே பங்கைத்தான் நானும் யோசிச்சிட்டு இருக்கேன்."

நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்துவிட்டு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். பங்குச் சந்தையில் தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்கு இல்லை. எனக்குத் தெரிந்தது சரித்திரம். ஒரே பங்கைப் பற்றி ஒரே வீட்டில் இரண்டு கருத்து இருந்த ஒரு சம்பவம் சரித்திரத்தில் உண்டு. அதைச் சொல்கிறேன். கடைசியில் என் வீட்டுக் கதை ஒன்றும் உண்டு. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு மாதிரி, இருநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் புதுத் தொழில்நுட்பம் என்றால் ரயில். 1825-ல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் பாதை போட அனுமதி கேட்டு ஒரு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஜார்ஜ் ஸ்டீபன்சன் சாட்சி சொல்லக் குழு முன்னால் நின்றார். சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, பள்ளிக்கூடம் போகாதவர். பெரிய வக்கீல்கள் அவரைக் குறுக்குக் கேள்வி கேட்டே திணறடித்தார்கள். வழியில் இருக்கும் சாட் மாஸ் என்ற சதுப்பு நிலத்தில் பாதை போடவே முடியாது என்று பேர்பெற்ற பொறியாளர்கள் சொன்னார்கள். தண்டவாளத்தில் ஒரு மாடு வந்து நின்றால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டாராம். "மாட்டுக்குத்தான் கஷ்டம்" என்று ஸ்டீபன்சன் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. மசோதா அந்த வருஷம் தோற்றது. குதிரை வண்டியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் மனிதன் போவதாவது என்று பத்திரிகையில் கேலி செய்தார்கள்.

மறு வருஷம் அனுமதி கிடைத்தது. 1829 அக்டோபரில் ரெயின்ஹில் என்ற இடத்தில் நடந்த போட்டியில் ஸ்டீபன்சனின் 'ராக்கெட்' எஞ்சின் மணிக்கு முப்பது மைலைத் தொட்டது. 1830 செப்டம்பர் 15-ந்தேதி பாதை திறந்தது. முடியாது என்று சொன்ன அந்தச் சதுப்பு நிலத்தின் மேல்தான் ரயில் ஓடியது. அந்தக் கம்பெனி தன் பங்குதாரர்களுக்குச் சராசரியாக ஆண்டுக்கு ஒன்பது சதவீதத்துக்கும் மேல் ஈவுத்தொகை கொடுத்தது.

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் எச்சரித்த அறிஞர்கள் தோற்றார்கள், நம்பியவர்கள் ஜெயித்தார்கள். இருபது வருஷம் கழித்து வேறு சிலர் எச்சரித்தபோது, "இவர்கள் அன்றைக்கும் இப்படித்தான் சொன்னார்கள்" என்று ஜனங்கள் காதில் வாங்காமல் போனதற்கு இது ஒரு காரணம். ஆனால் இரண்டு எச்சரிக்கையும் ஒன்று கிடையாது. 1825-ல் எழுந்த கேள்வி, ரயில் ஓடுமா என்பது. 1845-ல் எழுந்த கேள்வி, இந்த விலைக்குப் பங்கு வாங்கலாமா என்பது. முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதால் இரண்டாவதற்கும் விடை கிடைத்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

1844-ல் இங்கிலாந்தில் வட்டி விகிதம் மிகவும் குறைவு. அரசாங்கக் கடன் பத்திரத்தில் போட்டால் நூற்றுக்கு மூன்று கிடைக்கும். நல்ல ரயில் கம்பெனிகள் பத்து கொடுத்தன. பாதிரியார், விதவை, பள்ளி ஆசிரியை, கடைக்காரர் என்று எல்லோருடைய சேமிப்பும் ரயிலுக்குப் போனது. பங்கு வாங்க முழுப் பணமும் வேண்டியதில்லை என்பது இன்னொரு கவர்ச்சி. ஐந்தோ பத்தோ சதவீதம் கட்டினால் போதும். பாதை வேலை நடக்க நடக்க, கம்பெனி கேட்கும்போது மீதியைத் தவணையாகக் கட்ட வேண்டும். ஐம்பது பவுண்டு பங்கை ஐந்து பவுண்டில் கையில் வைத்திருந்தவர், தன்னிடம் இருப்பது ஐந்து பவுண்டு சொத்து என்று நினைத்தார். உண்மையில் நாற்பத்தைந்து பவுண்டு கடனும் சேர்ந்தே அவர் கையில் இருந்தது.

1846-ல் மட்டும் 260-க்கும் மேற்பட்ட ரயில் சட்டங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. அந்த ஆண்டுகளில் அனுமதி வாங்கிய பாதைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கடைசிவரை போடப்படவே இல்லை.

கருத்துச் சொல்ல ஆளா இல்லை? ரயிலுக்கென்றே தனிப் பத்திரிகைகள் வந்தன. அவை பெரும்பாலும் ரயில் கம்பெனிகள் கொடுத்த விளம்பரத்தில் பிழைத்தவை. மறுபக்கம் 'டைம்ஸ்' நாளிதழும், 1843-ல் தொடங்கிய 'எக்கானமிஸ்ட்' வார இதழும், நாட்டில் இருக்கும் சேமிப்புக்கு மேல் பணத்தை ரயிலில் போடுவதாக வாக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எச்சரித்தன. வேடிக்கை என்னவென்றால், அதே 'டைம்ஸ்' பத்திரிகையின் பக்கங்களிலும் ரயில் விளம்பரம் நிரம்பி வழிந்தது. ஒரு பக்கத்தில் எச்சரிக்கை, அடுத்த பக்கத்தில் அழைப்பு. வாசகர் எதைப் படிப்பார்?

இந்தச் சமயத்தில் யார்க்‌ஷயர் பகுதியில், ஹாவொர்த் என்ற மலைக் கிராமத்துப் பாதிரியார் வீட்டில் மூன்று சகோதரிகள் இருந்தார்கள். சார்லட், எமிலி, ஆன். பிரான்ட்டே சகோதரிகள் என்று பின்னால் உலகம் அறிந்தவர்கள். அப்போது அவர்கள் யாருக்கும் தெரியாதவர்கள். 1842-ல் அவர்களுடைய பெரியம்மா எலிசபெத் பிரான்வெல் இறந்தபோது, தலைக்கு முந்நூறு பவுண்டு அளவில் அவர்களுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். அப்பாவுக்குப் பிறகு அந்த வீடுகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. அவர்களுக்கென்று இருந்த ஆதாரம் அந்தப் பணம்தான். அதை 'யார்க் அண்ட் நார்த் மிட்லண்ட்' ரயில்வே பங்கில் போட்டார்கள்.

பணத்தைக் கவனித்துக்கொண்டது எமிலி. சார்லட் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் படிக்கவும் சொல்லிக்கொடுக்கவும் போயிருந்தபோது, எமிலி வீட்டிலிருந்து அக்காவின் பங்கையும் சேர்த்துப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டாள். பத்திரிகையில் ரயில் பற்றி வரும் ஒவ்வொரு பத்தியையும், ஒவ்வொரு விளம்பரத்தையும் விடாமல் படித்து விவரம் தெரிந்துகொண்டாள். சூதாட்டம் போல வாங்கி விற்கவில்லை. இதையெல்லாம் 1845 ஏப்ரலில் சார்லட் ஒரு கடிதத்தில் பெருமையாகவே எழுதினாள். யாருக்குத் தெரியுமா? தன் பழைய ஆசிரியை மிஸ் வூலருக்கு. ரோ ஹெட் என்ற இடத்தில் அவர் நடத்திய பள்ளியில்தான் சார்லட் படித்தாள், பிறகு அங்கேயே ஆசிரியையாகவும் இருந்தாள். ரிட்டயர் ஆன டீச்சருக்கு மாணவர்கள் பங்கு பற்றி எழுதுவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை!

1845 ஆகஸ்ட்டில் விலை உச்சத்தைத் தொட்டது. அக்டோபரில் இங்கிலாந்து வங்கி வட்டியை ஏற்றியது. பங்குகள் சரியத் தொடங்கின. நாடெங்கும் பீதி. மிஸ் வூலர் கவலைப்பட்டு விசாரித்தார். உங்கள் கம்பெனி நல்ல கம்பெனிதான் என்றும் தைரியம் சொன்னார் போலிருக்கிறது. 1846 ஜனவரி 30-ந்தேதி சார்லட் பதில் எழுதினாள். எங்கள் முதல் இன்னும் குறையவில்லை, நீங்கள் சொன்னபடி அது நல்ல பாதைதான். ஆனாலும் எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும் இந்த விலை பல வருஷம் நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நேரம் கடப்பதற்குள் விற்றுவிட்டு, வருமானம் குறைவானாலும் பத்திரமான இடத்தில் போட ஆசைப்படுகிறேன். தங்கைகளை ஒத்துக்கொள்ள வைக்க முடியவில்லை. எமிலியின் மனதைப் புண்படுத்துவதைவிட நஷ்டப்படுவதே மேல், நான் தூரத்தில் இருந்தபோது எனக்காக எவ்வளவு அருமையாகப் பார்த்துக்கொண்டாள், இனியும் அவளே பார்க்கட்டும் என்று எழுதினாள்.

இந்தக் கடிதத்தின் விவரத்தை முதல் தடவை படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காரணம் பிறகு சொல்கிறேன்.

அந்தக் கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் ஹட்சன். யார்க் நகரத்து ஜவுளிக் கடைக்காரர். 1827-ல் ஒரு உறவினர் வழியாக முப்பதாயிரம் பவுண்டு வந்தது. அதை வைத்து ரயிலில் இறங்கி, 'ரயில்வே ராஜா' என்று பெயர் வாங்கினார். யார்க் நகர மேயர், பிறகு சண்டர்லண்ட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். அவர் கைவைத்த கம்பெனி தங்கமாகும் என்று நம்பிக்கை. கணக்கை விளக்கமாகக் காட்டுவது அவருக்குப் பிடிக்காது. பங்குதாரர்களும் கேட்கவில்லை. பத்து சதவீதம் வந்துகொண்டிருக்கும்போது யார் கேட்பார்கள்?

இரண்டு வருஷம் விளைச்சல் பொய்த்தது. தானியம் இறக்குமதி செய்ய நாட்டிலிருந்து தங்கம் வெளியே போனது. 1847 அக்டோபரில் இங்கிலாந்து வங்கியின் வட்டி எட்டு சதவீதம் ஆனது. அதே சமயத்தில் ரயில் கம்பெனிகள் மீதித் தவணையைக் கேட்டுக் கடிதம் மேல் கடிதம் அனுப்பின. தவணை கட்டப் பணம் வேண்டும் என்பதற்காகவே நல்ல பங்கையும் வந்த விலைக்கு விற்றார்கள். 1849 பிப்ரவரியில் ஹட்சனின் ஒரு கம்பெனிக் கூட்டத்தில் ஒரு பங்குதாரர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். நம் கம்பெனி வாங்கிய வேறொரு கம்பெனியின் பங்குக்கு ஏன் இவ்வளவு அதிக விலை கொடுத்தோம்? விற்றவர் ஹட்சனே. விசாரணைக் குழுக்கள் உட்கார்ந்தன. லாபம் வராதபோதும் முதலிலிருந்தே எடுத்து ஈவுத்தொகை கொடுத்தது உட்படப் பல முறைகேடுகள் அவருடைய கம்பெனிகளில் வெளிவந்தன. பதவிகள் போயின. கடைசியில் கடனுக்காக யார்க் கோட்டைச் சிறையிலும் இருந்தார். 1850 வாக்கில் ரயில் பங்குகள் மொத்தமாக, உச்ச விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்து நின்றன.

எமிலி 1848 டிசம்பரில் காச நோயில் இறந்துவிட்டாள். ஹட்சனின் கணக்கு வெளிவந்ததை அவள் பார்க்கவில்லை. ஆன் 1849 மே மாதம் போய்விட்டாள். தனியாக நின்ற சார்லட், தன் பதிப்பாளரிடம் ஆலோசனை கேட்டு எழுதினாள். நிலைமை நினைத்ததைவிட மோசம், அப்பாவுக்கு இது முழுதாகத் தெரியாது, ஆனால் எத்தனையோ பேர் அன்றாடச் சோற்றையே இழந்து நிற்கும்போது, எதிர்காலத்துக்குச் சேர்த்ததை மட்டும் இழந்தவர்கள் புலம்பக் கூடாது என்று எழுதினாள். அவளுக்கு அதற்குள் 'ஜேன் அயர்' நாவல் கைகொடுத்துவிட்டது. எல்லா முதலீட்டாளருக்கும் அப்படி ஒரு நாவல் கைவசம் இருக்காது.

இப்போது யார் சொன்னது சரி? ரயில் உலகத்தை மாற்றும் என்றவர்கள் சொன்னது சரி. 1844-ல் சுமார் இரண்டாயிரம் மைல் இருந்த பாதை 1850-ல் ஆறாயிரம் மைல் ஆனது. பங்கு விலை நிற்காது என்றவர்கள் சொன்னதும் சரி. ரயிலும் ஓடியது, பணமும் போனது. என் தங்கை மகனும் என் மகளும்கூட இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு, ஒரே கேள்வி என்று நினைத்துச் சண்டை போடுகிறார்கள். அவன் செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுகிறான். அவள் விலையைப் பற்றிப் பேசுகிறாள்.

எமிலி கவனமில்லாதவள் என்று சொல்ல முடியாது. பத்திரிகையில் ஒரு வரி விடாமல் படித்தவள். ஆனால் அவள் படித்ததில் பெரும்பகுதி ஒரே ஊற்றிலிருந்து வந்தது. கம்பெனி சொன்னது விளம்பரமாகவும் செய்தியாகவும் பேச்சாகவும் வெவ்வேறு உருவத்தில் வந்தது. தங்கை மகனே, உன் பதினோரு வீடியோவில் எத்தனை பேர் கம்பெனியின் கணக்கறிக்கையைத் தாங்களே படித்துவிட்டுப் பேசுகிறார்கள், எத்தனை பேர் இன்னொரு வீடியோவைப் பார்த்துப் பேசுகிறார்கள், எத்தனை பேருக்கு நீ வாங்கினால் லாபம் என்று எண்ணிப் பார். மகளே, உன் ஒன்பது கட்டுரைக்கும் இதே கணக்குத்தான். பயமுறுத்தினால் படிப்பார்கள் என்று எழுதுகிறவர்களும் உண்டு. தலையை எண்ணாதீர்கள், ஊற்றை எண்ணுங்கள்.

நம் ஊருக்கும் இந்தக் கதையில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. சூடுபட்ட பிரிட்டிஷ் முதலீட்டாளர்கள் இந்திய ரயிலுக்குப் பணம் போட உத்தரவாதம் கேட்டார்கள். நஷ்டம் வந்தாலும் ஐந்து சதவீதம் உறுதி என்று ஒப்பந்தம் ஆனது. 1856 ஜூலை 1-ந்தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய முதல் ரயில் அந்த ஏற்பாட்டில் வந்ததுதான். உத்தரவாதப் பணம் இந்திய வரி வருமானத்திலிருந்து போனது. ஆபத்தே இல்லாத லாபம் என்று யாராவது சொன்னால், அந்த ஆபத்தை யார் தலையில் வைத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள்.

இனி என் வீட்டுக் கதை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஏழு வருஷம் மலைக் கிராமத்துப் பள்ளியில் இருந்தேன். சனி ஞாயிறுதான் வீடு. பிள்ளைகளையும், என் சம்பளத்தையும், சீட்டு, நகைக் கடன் எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொண்டார். ஒரு ரூபாய் தவறினதில்லை. 2000-ம் வருஷம் ஜனவரியில், மச்சு ஒழுகுகிறது என்று என் பி.எஃப். கணக்கில் லோன் போட்டு எழுபதாயிரம் எடுத்தோம். அப்போது எங்கே பார்த்தாலும் சாப்ட்வேர் பங்குப் பேச்சு. அந்தப் பணத்தை அவர் ஒரு சாப்ட்வேர் கம்பெனிப் பங்கில் போட்டார். ஆறு வாரத்தில் அது ஒரு லட்சத்தைத் தாண்டியது. தினமும் பத்திரிகை வாங்கிச் சிவப்புப் பேனாவில் கோடு போடுவார். எமிலி மாதிரிதான்.

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. பாங்கில் வேலை பார்த்த என் அண்ணன், "பாதியையாவது வித்து மச்சைப் போடச் சொல்லும்மா" என்றார். நான் சொல்லவில்லை. ஏழு வருஷம் எனக்காக அவ்வளவு செய்த மனுஷனிடம், உங்கள் மேல் நம்பிக்கை இல்லை என்கிற மாதிரி ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த மார்ச் 10-ந்தேதி அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு 5,048 என்ற உச்சத்தைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கத் தொடங்கியது. எங்கள் பங்கும் இறங்கியது. திரும்ப ஏறும் என்று அவர் காத்திருந்தார். 2002-ல் ஒன்பதாயிரம் சொச்சத்துக்கு விற்றோம். லோன் தவணை என் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தார்கள். ஐந்து மழைக்காலம் வீட்டுக்குள் அண்டா வைத்தோம். அந்தச் சத்தம் பிள்ளைகளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்.

அவர் தவறி நான்கு வருஷம் ஆகிறது. கடைசி நாட்களில் ஒரு மத்தியானம் அவரே பேச்சை எடுத்தார். "உங்க அண்ணன் அன்னிக்கு விக்கச் சொன்னார், இல்ல? நீ ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார். "உங்க மனசு கஷ்டப்படுமேன்னு" என்றேன். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். அப்புறம் பாதியை வித்திருப்பேன்" என்றார்.

சார்லட்டின் கடித விவரத்தைப் படித்து நான் புத்தகத்தை மூடியதற்குக் காரணம் இதுதான். அவளுடைய யோசனை சரியாக இருந்தது. தன் பங்கை மட்டுமாவது விற்றிருக்கலாம். அன்பினால் விட்டுவிட்டாள். நானும் அப்படித்தான். மாற்றுக் கருத்தை எடைபோட வேண்டும் என்றால் முதலில் அது தராசுக்கு வந்து சேர வேண்டும். வீட்டுக்குள்ளேயே விழுங்கப்பட்ட கருத்தை யாராலும் எடைபோட முடியாது.

அதனால் எனக்குத் தீர்ப்பு இல்லை, நான்கு வேண்டுகோள் மட்டும். தங்கை மகனே, அந்தக் கம்பெனி உலகத்தை மாற்றுமா என்பதையும், இன்றைய விலைக்கு வாங்கலாமா என்பதையும் இரண்டு தனித்தனிக் காகிதத்தில் எழுது. அது வீட்டுக்கான பணம். முழுதும் போனால் உன் மனைவியிடம் என்ன சொல்வாய் என்பதையும் எழுது. அவளுடைய கருத்தை அவள் வாயால் கேள், நீயாக ஊகிக்காதே. கடன் வாங்கிப் போடாதே. மகளே, நீ தம்பியிடம் சண்டை போட்டது சரிதான். நிறுத்தாதே. குரலை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்.

தனியாகச் செய்தி அனுப்பிய என் மாணவனே, உனக்கும் இதேதான். மிஸ் வூலர் நல்ல ஆசிரியை, தன் மாணவிமேல் பிரியம் உள்ளவர். அவரும் அதை நல்ல கம்பெனி என்றுதான் நினைத்தார். டீச்சர் சொன்னார் என்பதற்காக எதையும் வாங்காதே, விற்காதே.

மணி அடித்து ரொம்ப நேரம் ஆகிவிட்டது. போய் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்